நகத்தை வெட்டச் சொன்ன மேனேஜர்

ஈப்போவில் இசை வாசித்துப் பிழைக்கிறவர்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. நான் போன வருஷம் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டேன். இருந்தாலும் யாரும் என்னைக் குழுவிலிருந்து நீக்கவில்லை. சென்ற மாதம் அதில் பெரிய சண்டை. கிட்டாரை விரலால் மீட்டும்போது நகம் வேண்டுமா, வெறும் சதை போதுமா என்பதுதான் விஷயம். நகம் இல்லாவிட்டால் சத்தம் போர்வைக்குள்ளிருந்து வருகிறது என்றது ஒரு கட்சி. நகம் இருந்தால் தகர டப்பாவைச் சுரண்டுவதுபோல் இருக்கிறது என்றது இன்னொரு கட்சி. நடுவில் ஒருவர் தான் சாப்பிட்ட பிரியாணியின் படத்தைப் போட்டார். கடைசியில், செல்வம் அண்ணனைக் கேளுங்கள், அவர்தான் இரண்டு விதமாகவும் வாசித்தவர் என்று யாரோ எழுதிவிட்டார்கள். கைபேசியில் ஒரு வரி தட்டுவதற்குள் எனக்கு விடிந்துவிடும். அதனால் நடந்ததை இங்கே தாளிலேயே விரிவாக எழுதிவிடுகிறேன்.

நான் ஆயர் தாவார் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் பிறந்தவன். ரப்பர்ப் பால்மரங்களைச் சாய்த்துவிட்டு, எண்ணெய் எடுக்கிற செம்பனை நட்டார்கள். அப்பாவுக்கு அந்த வேலை ஒத்துவரவில்லை. குடும்பத்தோடு ஈப்போவுக்கு வந்து புந்தோங்கில் குடியேறினோம். பகலில் டயர் கடை வேலை, வார இறுதியில் கல்யாண வீட்டு இசைக்குழு. கிட்டார் கற்றுக்கொண்டதும் அந்தக் குழுவில்தான். முன்வரிசையில் நிற்கிற ஆள் என்ன செய்கிறார் என்று பின்வரிசையிலிருந்து பார்த்துக் கற்றேன். ஒரு கல்யாணத்தில் நான் வாசித்ததைக் கேட்ட ஹோட்டல் மேனேஜர் ஒருவர், மாலை நேரத்தில் லவுஞ்சில் வந்து வாசிக்கிறாயா என்று கேட்டார். சரி என்றேன். அப்படி உட்கார்ந்த நாற்காலியிலிருந்து போன வருஷம்தான் எழுந்தேன்.

அந்த மேனேஜர் பெயர் லியோங். சீனர். ஆனால் சிலிம் ரிவர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து வாசலில் அவருடைய அப்பா அம்மா மளிகைக் கடை வைத்திருந்தார்கள். தொழிலாளர் குடியிருந்த லயத்துப் பிள்ளைகளோடு கோலி விளையாடி வளர்ந்தவர். எங்களைப் போலவே தமிழ் பேசுவார். மரியாதை விகுதி மட்டும் அவர் தமிழில் கிடையாது. எல்லாருமே அவருக்கு 'நீ'தான், சில சமயம் பேச்சின் கடைசியில் ஒரு 'லா' வேறு ஒட்டிக்கொள்ளும்.

லவுஞ்சின் கடைசி மூலையில் ஐஸ் மெஷின் ஒன்று இருந்தது. பழைய லாரி மேடு ஏறுவதுபோல் எந்நேரமும் முனகிக்கொண்டிருக்கும். லியோங் அதன் பக்கத்தில் நின்றுதான் என் வாசிப்பைக் கேட்பார். அங்கே கேட்டால்தான் உண்மை தெரியும் என்பார். அவருக்கு இசைச் சொற்கள் எதுவும் தெரியாது. ஹோட்டல் சாப்பாட்டுப் பிரிவு முழுவதும் அவர் பொறுப்பு என்பதால் எல்லாவற்றையும் சமையல் பாஷையிலேயே சொல்வார். சத்தம் கூர்மையாக இருந்தால் "உப்பு ஜாஸ்தி". மழுங்கலாக இருந்தால் "வேகல". நன்றாக இருந்தால் ஒன்றும் சொல்லாமல் சமையலறைக்குள் போய்விடுவார். முதல் வருஷம் முழுவதும் அவர் முதுகைப் பார்ப்பதற்காகவே வாசித்தேன்.

அந்தக் காலத்தில் என் வலது கை நகங்கள்தான் என் சொத்து. விரல் நுனியைத் தாண்டிக் கொஞ்சம் நீட்டி, மெல்லிய அரத்தால் சாய்வாக ராவி, கண்ணாடிபோல் வழவழப்பாக வைத்திருப்பேன். நைலான் கம்பியை அந்த நகம் தொட்டால் மணி அடித்ததுபோல் இருக்கும். வீட்டில் என் மனைவி மல்லிகாவுக்குத்தான் தொல்லை. நான் டின் திறக்க மாட்டேன், துணி பிழிய மாட்டேன், முள் தோல் டுரியான் பழத்தின் பக்கமே போக மாட்டேன். கல்யாணமான புதிதில் என் மாமனார் என் கையைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, மாப்பிள்ளை என்ன வேலை செய்கிறார் என்று மறுபடியும் விசாரித்தாராம்.

நகம் உடைந்துவிட்டால் பிங்பாங் பந்திலிருந்து ஒரு துண்டு வெட்டிப் பசை போட்டு ஒட்டிக்கொள்வேன். வாசிக்கிறவர்கள் பலரும் அப்போது செய்ததுதான் அது. ஒருநாள் அப்படி ஒட்டியது பாட்டின் நடுவே பிய்த்துக்கொண்டு பறந்து, முன்மேசைக்காரரின் சூப்பில் விழுந்தது. லியோங் வேறு சூப் கொண்டுவரச் சொல்லிவிட்டு என்னிடம் வந்தார். "செல்வா, நீ வாசி. சமையல நாங்க பாத்துக்கிறோம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

லவுஞ்சில் பாடுகிறவர் பிலோமினா அக்கா. பகலில் ஒரு கிளினிக்கில் மருந்து எடுத்துக் கொடுக்கிற வேலை, மாலையில் பாட்டு. என்னைவிடச் சில வயது மூத்தவர். நோயாளிப் பெற்றோரைக் கடைசி வரை பார்த்துக்கொண்டதில் கல்யாணம் தள்ளிப்போய், பிறகு அந்தப் பேச்சே நின்றுபோனது. தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றிலும் பாடுவார். மைக்கை ஒரு சாண் தள்ளிப் பிடித்துக்கொண்டு பாடினாலும் தெருமுனை வரை கேட்கிற குரல்.

ஒரு வருஷம் அவருக்குக் கழுத்தில் கட்டி வந்தது. தைராய்டு என்றார்கள். அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. கட்டி புற்றுநோய் இல்லை என்று தெரிந்து எல்லாரும் நிம்மதியானோம். ஆனால் குரலுக்குப் போகிற நரம்பு அடிபட்டிருந்தது. முழுக் குரல் திரும்புமா என்று சொல்ல முடியாது என்றார் மருத்துவர். முதலில் வெறும் காற்றுதான் வந்தது. பிறகு மெல்ல மெல்லச் சுருதி வந்தது, பலம் மட்டும் வரவில்லை.

ஹோட்டலின் தலைமை அலுவலகம் கோலாலம்பூரில் இருந்தது. பாட்டுக்காரி இல்லாத லவுஞ்சுக்குக் கிட்டார்காரன் எதற்கு, பதிவுசெய்த இசையைப் போட்டுவிடலாம் என்று அவர்கள் பேசத் தொடங்கியிருந்தார்கள். அந்தம்மா திரும்பி வருவாள் என்று லியோங் சாதித்தார். சீனப் புத்தாண்டுக்கு முன் அவர்களில் ஒருவர் வந்து நேரில் பார்ப்பது என்று முடிவானது.

அக்கா ஒத்திகைக்கு வந்த முதல் மதியம் எனக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. கழுத்துத் தழும்பை மறைக்க நீலத் துணி சுற்றியிருந்தார். லவுஞ்சில் எங்களைத் தவிர லியோங் மட்டும்தான். வழக்கமான பாட்டு ஒன்றைத் தொடங்கினோம். அக்காவின் உதடு அசைந்தது. எனக்கே சரியாகக் கேட்கவில்லை. ஒலிபெருக்கியைக் கூட்டினால் பாட்டோடு இரைச்சலும் சேர்ந்து வந்தது. இன்னும் கூட்டினால் மைக் ஊளையிட்டது. நான் மெதுவாக வாசித்துப் பார்த்தேன். எவ்வளவு மெதுவாக வாசித்தாலும் ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்தின்மேலும் என் நகம் 'டிக்' என்று விழுந்தது. பாதியில் அக்கா நிறுத்திவிட்டு மைக்கைத் தாங்கியில் மாட்டினார்.

"வேணாம் லியோங். நான் கிளினிக் வேலையோட இருந்துக்கிறேன்" என்றார்.

லியோங் ஐஸ் மெஷின் பக்கத்திலிருந்து நடந்து வந்தார். அக்காவைப் பார்க்கவில்லை, என் கையைத்தான் பார்த்தார்.

"அவ குரலுக்கு ஒண்ணும் இல்லலா. உன் கிட்டாரு அதத் தின்னுது. நகத்த வெட்டு."

நகம் இல்லாமல் எனக்கு வாசிக்கவே வராது என்றேன். பொய் இல்லை. அதுவரை வாசித்ததே இல்லை.

"பாதி குரலு வச்சிக்கிட்டு அவ வந்திருக்கா. நீ நகத்துக்கு அழுவுற."

வரவேற்பறையிலிருந்து நகவெட்டி வாங்கிவந்து மேசையில் வைத்தார். அங்கேயே உட்கார்ந்து வெட்டினேன். உள்ளங்கையை முகத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தால் சதைக்குமேல் நகம் தெரியக்கூடாது. அந்த அளவுக்கு வெட்டி ராவினேன். வீட்டுக்குப் போனதும் மல்லிகா என் கையைப் பார்த்தாள். ஒரு வாளித் துணியைக் கொண்டுவந்து முன்னால் வைத்தாள்.

மறுநாள் வாசித்தபோது நானே முகம் சுளித்தேன். மணியோசை போய், ஈர மரத்தைத் தட்டுகிற ஓசை. மூலையிலிருந்து "வேகல" என்று வந்தது. அடுத்த நாளும் அதேதான். அதற்கடுத்த நாளும் அதேதான்.

அந்த வாரங்களில் நான் கண்டுபிடித்ததைத்தான் குழுவில் கேட்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

நகம் இருந்தபோது விரலைக் கம்பிக்கு அடியில் கொக்கிபோல் மாட்டி வெளியே இழுத்துக்கொண்டிருந்திருக்கிறேன். நகத்துக்கு அது பரவாயில்லை. சதையால் அப்படிச் செய்தால் கம்பி எகிறிக் கட்டையில் அடித்து அடங்கிவிடும். கம்பியை முதலில் கிட்டாரின் உடலை நோக்கி உள்ளே அழுத்த வேண்டும். அழுத்தியபடியே விரலை நழுவவிட வேண்டும். விரலின் நுனிக் கணுவை மட்டும் ஆட்டினால் பலம் வராது. விரல் உள்ளங்கையோடு சேருகிற பெரிய கணுவிலிருந்து அசைவு வர வேண்டும். எந்த இடத்தில் தொடுவது என்பதும் முக்கியம். நட்டநடு நுனியில் தொட்டால் ஒல்லியாகக் கேட்கும். கட்டைவிரல் பக்கமுள்ள ஓரச் சதையில் தொடங்கி நுனியைத் தாண்டிப் போகவிட்டால் ஓசை உருண்டு வரும்.

இதைப் பிடித்ததும் சத்தம் கொஞ்சம் கூடியது. ஆனால் கூடவே ஒரு சரசரப்பு. காரணம் புரியாமல் கம்பியை மாற்றினேன், கிட்டாரையே சந்தேகப்பட்டேன். கடைசியில் பார்த்தால் அது என் தோல். லவுஞ்சின் குளிர்காற்றிலும், மல்லிகா புதிதாகக் கொடுத்த சோப்புத்தூள் வேலையிலும் விரல் நுனி காய்ந்து சொரசொரத்திருந்தது. இடது கைக்குக் காய்ப்பு வேண்டும், வலது கைக்கு அது எதிரி. ஆக நைசான உப்புத்தாளால் நுனியை லேசாகத் தேய்த்து, படுக்கப் போகும்போது மல்லிகாவின் கைக் கிரீமைத் தடவிக்கொண்டேன். வாசிக்கிற நாளில் தடவினால் வழுக்கும், அதையும் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். கம்பிகளைக் கட்டியிருக்கிற பிரிட்ஜ் பக்கம் கையை வைக்காமல், கிட்டாரின் வாய்த்துளை ஓரத்துக்கு நகர்த்தினேன். சரசரப்பு போனது.

மூன்றாவது சிக்கலைச் சொன்னவர் அக்கா. தினமும் கிளினிக்கில் மதியச் சாப்பாட்டு நேரத்தை விட்டுக்கொடுத்துவிட்டு ஒத்திகைக்கு வருவார். ஒருநாள் பாட்டை நிறுத்தி, "தம்பி, நீ எனக்குப் பின்னாலயே வர்ற. என்னைப் பிடிச்சு இழுக்குற மாதிரி இருக்கு" என்றார்.

சரிதான். நகம் பட்டவுடன் ஒலி வந்துவிடும். சதை கம்பியை விட்டு நழுவ ஒரு கணம் கூடுதலாக எடுத்துக்கொள்ளும். அந்தக் கணத்தை எங்கே போய் எடுப்பது என்று குழம்பினேன். சிகிச்சைக்குப் பிறகு அக்கா மூச்சிழுப்பது வெளியே கேட்கும். அதை அவர் வெட்கத்தோடு மறைக்கப் பார்ப்பார். மறைக்க வேண்டாம் அக்கா என்று கேட்டுக்கொண்டேன். அவர் மூச்சிழுக்கும்போதே விரல்களைக் கம்பிமேல் வைத்து அழுத்தத் தொடங்கினேன். மூச்சு முடிந்து சொல் வெளியே வரும்போது கிட்டாரும் விடுபட்டது. 'டிக்' இல்லை. சொல் எங்கே தொடங்கியது, கம்பி எங்கே தொடங்கியது என்று எனக்கே பிரித்துச் சொல்ல முடியவில்லை. அக்கா பாடிக்கொண்டே என் பக்கம் திரும்பிப் பார்த்தார். நோய்க்குப் பிறகு அவர் முகத்தில் அன்றுதான் சிரிப்பைப் பார்த்தேன்.

மூலையைப் பார்த்தேன். லியோங் அங்கே இல்லை. சமையலறையிலிருந்து பார்லித் தண்ணீர் இரண்டு கிளாஸ் எடுத்துக்கொண்டு வந்தார். அவர் கையால் எனக்கு ஒன்றைக் கொடுத்தது அதுதான் முதல் தடவை. அக்காவின் கிளாஸில் மட்டும் ஐஸ் இல்லாமல் வெதுவெதுப்பாக இருந்தது என்பதை அப்போது கவனித்தேன். தொண்டைக்கு நல்லது என்று நினைத்துக்கொண்டு விட்டுவிட்டேன்.

தலைமை அலுவலகத்து ஆள் வந்தது புத்தாண்டுக்கு முந்தைய ஒரு சனிக்கிழமை மாலை. லவுஞ்ச் நிறைந்திருந்தது. ஒரு பக்கம் முன்னாள் பேட்மிண்டன் ஆட்டக்காரர்கள் கூட்டமாக வந்து பழைய ஆட்டத்தையெல்லாம் வாயால் ஆடிக்கொண்டிருந்தார்கள். அந்த ஆள் நடுமேசையில் கோட்டுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். ஒத்திகையில் வந்தது இந்தக் கூட்டத்தில் வருமா என்று எனக்கு உள்ளங்கை வேர்த்தது. வேர்த்த விரல் வழுக்கும் என்று நினைக்க நினைக்க இன்னும் வேர்த்தது. அக்கா மைக்கைத் தொட்டார். நான் கைக்குட்டையில் விரல்களைத் துடைத்துக்கொண்டு கம்பிமேல் வைத்தேன்.

அப்போது லவுஞ்சே ஒரு மாதிரி ஆனது. ஏதோ குறைகிறது, என்னவென்று தெரியவில்லை. பிறகு புரிந்தது. ஐஸ் மெஷின் நின்றுவிட்டது. திரும்பிப் பார்த்தேன். லியோங் பிளக்கைக் கையில் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்து நின்றார்.

அக்கா பாடினார். ஒவ்வொரு சொல்லும் கேட்டது. பெரிய குரலில் இல்லை. ஒருவர் நம் மேசைக்கு வந்து குனிந்து பேசுகிற அளவுக்குத்தான். அந்த அளவு போதுமானதாக இருந்தது. பேட்மிண்டன்காரர்கள் பேச்சை நிறுத்தவில்லை, தாழ்த்திக்கொண்டார்கள். சதையின் ஒலி குரலுக்கு அடியில் பாயை விரித்ததுபோல் கிடந்தது. மூன்றாவது பாட்டின்போது கோட்டுக்காரர் தன் எலுமிச்சைச் சாற்றில் ஐஸ் இல்லை என்று பணியாளரிடம் சொல்லியிருக்கிறார். பணியாளர் போய் லியோங்கிடம் கேட்டார்.

"ஐஸ் ஹபிஸ்னு சொல்லு" என்றார் லியோங். தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். ஹோட்டலை நடத்துகிற நிறுவனத்தின் ஆள், தன் ஹோட்டலிலேயே வெந்நீர்போல ஒரு சாற்றைக் குடித்தார்.

நிகழ்ச்சி முடிந்ததும் அவர் என்னிடம் வந்து என்ன ஒலிபெருக்கி பயன்படுத்துகிறீர்கள் என்று கேட்டார். பழையதுதான் என்றேன். நம்பாமல் பின்பக்கம் போய்ப் பார்த்தார். பதிவுசெய்த இசையைப் பற்றி அதற்குப் பிறகு பேச்சில்லை. பேட்மிண்டன்காரர்களில் இரண்டு பேர் அடுத்த வாரத்துக்கும் மேசை சொல்லிவிட்டுப் போனார்கள்.

அன்றிலிருந்து அக்கா பாடுகிற நேரத்தில் எங்கள் ஹோட்டலில் ஐஸ் தீர்ந்துவிடும். வழக்கமாக வருகிறவர்கள் முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளப் பழகினார்கள். மெஷின் பழசாகிவிட்டது, அடிக்கடி ஓய்வு கொடுக்க வேண்டியிருக்கிறது என்று நான் மல்லிகாவிடம் சொன்னேன்.

அவள் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். "மெஷினுக்கு ஓய்வா? ஏங்க, அந்த லியோங்குக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?" என்று கேட்டாள்.

ஆகவில்லை. எத்தனையோ வருஷம் லியோங்குக்கும் அக்காவுக்கும் நடுவில் உட்கார்ந்து வாசித்தவன் நான். எனக்குத் தெரியாதது, ஹோட்டலுக்கே வராத மல்லிகாவுக்குத் தெரிந்துவிட்டது. மறு வருஷம் லியோங் என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டு, காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து மறுபடி செருகினார். "பிலோமினா சரின்னு சொல்லிட்டா. நீ வந்து வாசிக்கணும்" என்றார். அவர் தரையைப் பார்த்துப் பேசி அதற்குமுன் நான் கண்டதில்லை.

தடை ஒன்றுதான். லியோங்கின் அம்மா. எண்பது வயதைத் தாண்டியவர், கணவர் போன பிறகும் சிலிம் ரிவர் கடையைத் தனியாக நடத்தியவர். வேண்டாம் என்று அவர் வாய்திறந்து சொல்லவில்லை. ஆயுள் முழுக்கத் தோட்டத்து ஜனங்களுக்கு அரிசியும் கருவாடும் விற்றவருக்குத் தமிழ் தண்ணீர்பட்ட பாடு. ஆனால் அக்கா பார்க்கப் போனபோது தங்கள் சீன மொழியான காண்டோனீஸைத் தவிர ஒரு சொல் பேசவில்லை. அக்கா தமிழில் கேட்டால் மகனைப் பார்த்து, இவள் என்ன சொல்கிறாள் என்று கேட்டாராம்.

மாதா கோயிலில் கல்யாணம் முடிந்து, மாலையில் ஒரு சீன உணவகத்தில் விருந்து. அம்மா வந்தார். பெரிய வட்ட மேசையில் உட்கார்ந்து சாப்பாட்டை மட்டும் பார்த்தார். மற்ற மேசைகளில் கோப்பையைத் தூக்கி 'யாம் செங்' என்று நீட்டி முழக்கிக்கொண்டிருந்தார்கள். மல்லிகா என் காதில், இந்தச் சத்தத்தில் நீங்கள் நகத்தோடு வந்தாலும் பிரயோசனமில்லை என்றாள்.

அந்த நேரத்தில் அக்கா எழுந்து வந்து என் தோளைத் தொட்டார். அம்மாவின் மேசைக்கு வரச் சொன்னார். மைக் வேண்டாம் என்றார். அந்தம்மாவுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு என்னை உட்காரவைத்துவிட்டு, அக்கா அவருக்கு எதிரில் உட்கார்ந்தார். ஒரு சீனத் தாலாட்டுப் பாட்டைத் தொடங்கினார். எனக்குத் தெரியாத பாட்டு, தெரியாத பாஷை. ஹோட்டல் சமையல்காரரிடம் யாருக்கும் தெரியாமல் கற்றுக்கொண்டிருக்கிறார். லியோங்குக்கே தெரியாது. அவர் வேறொரு மேசைக்குக் கொண்டுபோன தேநீர்க் குடுவையைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டார்.

நான் அக்காவின் மூச்சை மட்டும் பிடித்துக்கொண்டு போனேன். இரண்டு கம்பிகளுக்குமேல் தொடவில்லை. அந்த மேசையைத் தாண்டி யாருக்கும் கேட்டிருக்காது. அந்தம்மா சாப்ஸ்டிக்கைக் கீழே வைத்தார். தலையைச் சாய்த்துக் காதைக் கொஞ்சம் முன்னால் கொண்டுவந்தார். பாட்டு முடிந்தது. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அக்கா இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

அந்தம்மா தமிழில் பேசினார்.

"எல்லாம் தப்பு தப்பா பாடுற. இன்னொருவாட்டி பாடு, நான் சொல்றேன்."

முதல் சொல்லை அவரே நிறுத்தி நிறுத்திச் சொன்னார். அக்கா திருப்பிச் சொன்னார். அது சரியில்லை என்று அக்காவின் கையில் லேசாக ஒரு தட்டுத் தட்டி மறுபடியும் சொன்னார். முதல் வரி சரியாக வருவதற்கே வெகுநேரம் ஆயிற்று. மேசைமேல் முழுதாக வேகவைத்த மீன் ஆறிப்போய்க்கொண்டிருந்தது. யாரும் அதைத் தொடவில்லை.